தறிக்குழியில் கொசு பிடித்த காலம்

கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் அருகே கொண்டுபோக வேண்டும். மறுமுனையில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயை வாயில் வைத்து ஒரு சின்ன மூச்சு இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கொசு நசுங்கிவிடும். மெதுவாக இழுத்தால் பறந்துவிடும். கொசு தொண்டைக்குள் போய்விடாமலிருக்க நடுவில் ஒரு துண்டு வலைத்துணி வைத்திருப்பார்கள். இருந்தும் முதல் வாரம் முழுக்க எனக்குக் குமட்டிக்கொண்டேயிருந்தது. விலங்கியல் படித்து முடித்த கையோடு, அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

யானைக்கால் நோயைப் பற்றிய ஆராய்ச்சி அது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் கொசு அதிகம், அவை எந்தச் சாக்கடையில் பிறந்து வருகின்றன, அவற்றின் உடம்புக்குள் நோயின் புழு இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. மனிதர்களின் ரத்தத்தைச் சோதிக்க வேறு ஒரு குழு இருந்தது. அந்தப் புழு இருட்டிய பிறகுதான் ரத்தத்தில் நடமாடும் என்பதால் அவர்கள் ஊர் அடங்கியபின் கிளம்புவார்கள். நாங்கள் விடிகாலை ஆட்கள். ராத்திரி வயிறு நிறையக் குடித்த கொசு, விடிந்ததும் பறக்க முடியாமல் இருட்டான மூலையாகப் பார்த்து உட்கார்ந்துவிடும். அப்போது பிடித்தால்தான் உண்டு.

எங்கள் வீடு வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொசு புடிக்கறதுக்கா உன்னைப் பட்டணம் அனுப்பிப் படிக்க வெச்சோம்? நம்ம மாட்டுக் கொட்டாயில இல்லாத கொசுவா?"

"இது ஆராய்ச்சிம்மா."

"இன்னா ஆராய்ச்சியோ. யாராவது கேட்டா ஆஸ்பத்திரி வேலைன்னு சொல்லு."

அப்படியே சொல்லிக்கொண்டுதான் கொஞ்ச நாள் திரிந்தேன். காஞ்சிபுரத்தில் அது எடுபடவில்லை. கையில் டார்ச், தோளில் தொங்கும் பையில் பஞ்சு அடைத்த சோதனைக் குழாய்கள், வாயில் ரப்பர் குழாய் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறவளை ஊர் என்னவென்று கூப்பிடும்? ஒரு மாதத்துக்குள் நான் 'கொசு டீச்சர்' ஆகிவிட்டேன்.

என்னோடு வந்தவர் ஐம்பது வயதுக்காரர். தெலுங்கு பேசும் குடும்பம். அலுவலகத்தில் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன் மலேரியாக் கொசு பிடித்துப் பல ஊர் சுற்றியவர். பேச்சுப் பிரியர். ஒரு வீட்டில் கொசு பிடிக்கிற நேரத்தைவிட அந்த வீட்டுக் கதை கேட்கிற நேரம் அதிகம். முழங்கால் வலி வேறு. குனிய வேண்டிய இடமெல்லாம் என் பங்காயிற்று. கட்டிலுக்கு அடியில், அண்டாவுக்குப் பின்னால், கொடியில் தொங்கும் புடவை மடிப்புக்குள் என்று நான் தேடிக்கொண்டிருக்க, நைனா கதவோரம் நின்று, "அம்மா, அந்தப் பக்கம் ஒண்ணு குந்திக்கினு இருக்குது பாரு" என்று டார்ச் அடித்துக் காட்டுவார்.

அந்தக் காலை நேரங்களை இப்போது நினைத்தாலும் மூக்கில் முதலில் வருவது கஞ்சி வாசனைதான். நெசவாளர் தெருக்களில் விடிவதற்குள் பாவு நீட்டிவிடுவார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பட்டு நூல் குச்சிகளின் மேல் நீண்டு கிடக்கும். இருபக்கமும் ஆட்கள் நடந்துகொண்டே கஞ்சி தடவிச் சிக்கெடுப்பார்கள். அரக்குப் பாவு, மாம்பழ மஞ்சள் பாவு, மயில் கழுத்து நிறம் என்று தெருவுக்கு ஒரு நிறம். எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதன் அடியில் குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும். தலை நூலில் பட்டுவிட்டால் தெருவே சத்தம் போடும். எங்கோ ஒரு கோவிலில் மேளம் ஆரம்பிக்கும். தண்ணீர்க் குழாயடியில் குடங்கள் மோதும். நான் நைனாவுக்கு முன்னால் மயில் கழுத்து நிறத்தின் அடியில் தவழ்ந்துகொண்டிருப்பேன். அதைவிட நல்ல காலைகள் எனக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை.

எங்கள் கணக்கில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொரு வாரமும் போக வேண்டும். அதில் ஒரு வீட்டில் ஒரு தறி. தறியில் உட்கார்ந்து நெய்தது ஒரு பெண். அந்தத் தெருவில் ஆண்கள்தான் தறியில் உட்காருவார்கள். பெண்கள் நூல் இழைப்பார்கள், பாவுக்கு வருவார்கள். இந்த வீட்டில் அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டது. அம்மா இல்லை. மூத்த மகள் தறியில் இறங்கிவிட்டாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவளுடைய தங்கைக்கு என் வயது. புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோர்வையாகக் கோத்து நெய்யும்போது, கரைப்பக்கம் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். தங்கை அதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் பேசாமலேயே நாடாவை மாற்றி மாற்றி அனுப்புவார்கள்.

அது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகளை மிதித்து நெய்கிற தறி. பள்ளத்துக்குள் எப்போதும் இருட்டு, ஈரம், குளிர்ச்சி. கொசுவுக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. மற்ற வீடுகளில் நாங்கள் போனதும் தறிக்காரர் எழுந்து பீடி பற்ற வைக்க வெளியே போவார். நான் குழிக்குள் இறங்கிவிடுவேன். இந்த வீட்டில் அக்கா எழுந்ததேயில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் எழுந்துக்கறீங்களா? குழியில பாத்துடறேன்."

"குழியில ஒண்ணும் இல்லம்மா, நான்தான் இருக்கறேன்" என்பாள் சிரித்துக்கொண்டே. "கோர்வை வுட்டுப்போச்சுன்னா திரும்பப் புடிக்கறது கஷ்டம். நீ சமையக்கட்டுல பாரு. அங்கதான் ராத்திரியெல்லாம் பாடுது."

வாரா வாரம் இதே பதில். நான் சமையல்கட்டில் பார்ப்பேன். அங்கேயே குழாய் நிறைந்துவிடும். எங்கள் கணக்கு வீடுகளில் அந்த வீட்டைப்போலக் கொசு வேறெங்கும் கிடைக்கவில்லை.

மத்தியானம் அலுவலகத்தில் ஜன்னலோர வெளிச்சத்தில் உட்கார்ந்து கொசுக்களை ஊசி முனையால் பிரித்து நுண்ணோக்கியில் பார்ப்பேன். ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் புழு நெளிவது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழகாக இருக்கும். பட்டு இழை ஒன்று தானாக அசைகிறதுபோல. அந்த வீட்டுக் கொசுக்களில் அது மீண்டும் மீண்டும் தெரிந்தது. அங்கே யாருடைய ரத்தத்திலோ புழு இருக்கிறது என்று அர்த்தம். ரத்தம் எடுக்கும் குழு அப்பாவுக்கும் தங்கைக்கும் எடுத்திருந்தது. மூத்தவள் ஊரில் இல்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். எப்போது போனாலும் தறியில் இருக்கிறவள் எந்த ஊருக்குப் போனாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் நைனாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் தனியாகப் போனேன். தெருவில் பாவு இல்லை. வீட்டில் தறிச் சத்தமும் இல்லை. அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். தங்கை கடைக்குப் போயிருந்தாள். அக்கா தறிக்குழியில் உட்கார்ந்தபடி, நெய்த துணியின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். பல் கிட்டித்து, உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"என்னைத் தூக்கி வுடும்மா" என்றாள். "புடவையில தண்ணி கிண்ணி பட்டுடப் போவுது. தூக்கு."

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். வரவில்லை. குழிக்குள் இறங்கினேன். டார்ச் வெளிச்சத்தில் கொசுக்கள் புகைபோல எழும்பின. அப்போதுதான் காலைப் பார்த்தேன். வலது கால் மெலிந்த சாதாரணக் கால். இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போல இறங்கி, கணுக்கால் எங்கே என்று தெரியாமல் பாதத்தில் முடிந்தது. தோல் சிவந்து மினுமினுத்தது. அந்தக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒற்றைக் காலால் மிதித்து மிதித்துத்தான் அத்தனை புடவையும் நெய்திருக்கிறாள்.

எப்படியோ அவளை மேலே ஏற்றிப் பாயில் படுக்க வைத்தேன். காலுக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி ஈரத்துணி போட்டேன். இந்தக் காய்ச்சல் மாதத்துக்கு ஒருமுறை வரும் என்றும், வந்தால் கால் இன்னும் கொஞ்சம் வீங்கிவிட்டுத்தான் போகும் என்றும் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் கிட்டயும் சொல்லாதம்மா. தங்கச்சிக்கு ஒரு இடம் பேசிக்கினு இருக்கறாங்க. அக்காளுக்கு இருந்தா தங்கச்சிக்கும் வரும்னு நிறுத்திடுவாங்க. ஆறேழு வருஷமா இந்தக் குழியை வுட்டு வெளிய வராம காப்பாத்தி வெச்சிருக்கறேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். டாக்டரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், அவர் வெளியே விட மாட்டார் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள்.

எங்கள் டாக்டர் அதிகம் பேசாத மனிதர். கேட்டுவிட்டு, "கால் வீங்கினவங்க ரத்தத்துல பெரும்பாலும் புழு இருக்காது" என்றார். "அவங்களுக்கு வர்ற சேதம் வந்து முடிஞ்சிருக்கும். அந்த வீட்டுல வேற யாருக்கோ இருக்கு." ரத்தக் குழு இன்னும் பார்க்காமல் வைத்திருந்த அந்த வீட்டுக் கண்ணாடித் துண்டுகளை எடுத்து வரச் சொல்லித் தானே பார்த்தார். அப்பாவின் ரத்தத்தில் ஒன்றுமில்லை. புழு இருந்தது தங்கையின் ரத்தத்தில்.

அக்காவின் காலைப் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு கலங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வலி கிடையாது, வீக்கம் கிடையாது. கொலுசு போட்ட மெலிந்த கால்கள். பேசிக்கொண்டே நாடாவைத் தள்ளுவாள். சினிமாப் பாட்டு முணுமுணுப்பாள்.

"இப்பவே மாத்திரை குடுத்தா ரத்தத்துல இருக்கறது செத்துடும். தாமதம் பண்ண வேண்டாம்" என்றார் டாக்டர். "இன்னொண்ணு. இவ்வளவு கொசு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடி. மாத்திரை மட்டும் குடுத்துப் பிரயோஜனம் இல்ல."

அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு. தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்த பிறகு யாரும் அதில் இறைப்பதில்லை. அப்பாவும் பக்கத்து வீட்டிலிருந்த சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது வீட்டு நடுவே எழுப்பிய சுவர், கிணற்றின் குறுக்கேயும் போயிருந்தது. பாதிக் கிணறு இந்த வீட்டுக்கு, பாதி அந்த வீட்டுக்கு. இரண்டு வீட்டுக் கழிவு நீரும் கசிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றின் மேல் போட்டிருந்த பழைய பலகையை நைனா தள்ளினார். உள்ளேயிருந்து கொசுக்கள் சத்தத்தோடு கிளம்பி வந்து முகத்தில் மோதின. முகத்தை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தவர், "அம்மா, இது கிணறு இல்ல, கொசுக்கு மில்லு" என்றார்.

மூடிவிடலாமே என்று அப்பாவிடம் கேட்டோம். "அவன் பாதியை அவன் மூடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். சித்தப்பாவிடம் போனோம். அவர் வாட்டசாட்டமான மனிதர். மூன்று தறி வைத்திருந்தவர். "எம் பாதியில ஒரு கல்லு வுழுந்தாலும் கோர்ட்டுக்குப் போவேன்" என்றார். நகராட்சியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணனும் தம்பியும் அவர் சொன்னதைக் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள். பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மாத்திரை விஷயத்தை அக்காவிடம் நான்தான் சொன்னேன். தங்கை குழாயடிக்குப் போயிருந்த நேரம். அவள் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவளுக்கும் கால் வருமா?"

"இப்ப மாத்திரை சாப்ட்டா பெரும்பாலும் வராதுக்கா. ஆனா தினம் ஒருத்தர் வந்து, கண்ணெதிர்ல முழுங்க வெச்சிட்டுப் போவணும். அதுதான் முறை."

"தினம் நீ மாத்திரை டப்பாவோட வந்தா தெருவுக்கே தெரிஞ்சிடுமே. கல்யாணப் பொண்ணுக்குன்னு தெரிஞ்சிடுமே."

அவள் பாதி நெய்த புடவையைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"எனக்குன்னு சொல்லு" என்றாள்.

"உங்களுக்கு இருக்கறதுதான் யாருக்கும் தெரியாதே."

"தெரிய வெச்சுட்டா? அக்காளுக்குன்னா யோசிப்பாங்க. கல்யாணப் பொண்ணுக்கேன்னா நிறுத்தியே வுட்டுடுவாங்க."

நான் அதைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கு மறுநாள் காலை ஆயிற்று. மழை விட்டு வெயில் வந்த நாள். நீண்ட நாளைக்குப் பிறகு பாவு நீட்டியிருந்தார்கள். தெரு முழுக்க ஆட்கள். நானும் நைனாவும் எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தோம். அக்காவின் வீட்டுக் கதவு திறந்தது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிச் செருகியிருந்தாள். வெயில் கண்டு எத்தனையோ வருஷமான கால், வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர்களின் கை ஒவ்வொன்றாக நின்றது. யாரோ ஒரு அம்மாள் "அடி ஆத்தாடி" என்று வாயில் கை வைத்தாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. காலை இழுத்து இழுத்து வைத்துப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் நின்று, "சித்தப்பா" என்று கூப்பிட்டாள்.

சித்தப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டே வந்தார். "இன்னா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர் அவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இத்தனை நாள் அவர் அந்தக் காலைப் பார்த்ததில்லை.

"எப்பலேர்ந்து பாப்பா?"

"நீங்க சுவரு வெச்ச வருஷம் வந்துச்சு."

"சொல்லக் கூடாதா?"

"யார் கிட்ட சொல்றது? பேச்சுவார்த்தை எங்க இருந்துச்சு?" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கொசு டீச்சர் சொல்றாங்க, எல்லாம் அந்தக் கிணத்துலேர்ந்துதான் வருதாம். எனக்கு வந்துடுச்சு. உங்க வீட்லயும் கொழந்தைங்க இருக்குது சித்தப்பா. அதைத் தூத்து மூடிடுங்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் மனைவி ஓடி வந்து அக்காவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். என் பக்கத்தில் நைனா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த டார்ச் வெயிலில் எரிந்துகொண்டேயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாளே கடப்பாரை எடுத்துக் கிணற்றின் குறுக்கே இருந்த சுவரை சித்தப்பா இடித்தார். இடித்த செங்கல் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்தது. ஆனால் அண்ணன் தம்பி உடனே சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மீதிப் பள்ளத்துக்கு மண் யார் கொண்டுவருவது என்று தகராறு. பார்வையில்லாத அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "எந்தப் பக்கம் கொட்டறான், எனக்குச் சத்தத்துலயே தெரியுது" என்றார். தம்பி பதிலுக்கு முணுமுணுத்தார். ஆனால் அந்தச் சண்டைக்காகவாவது இரண்டு பேரும் தினம் பேசிக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் கிணறு தரையோடு சமமாகிவிட்டது.

மாத்திரை கொடுக்க நான் தினமும் போனேன். தெரு அக்காவுக்காகப் பரிதாபப்பட்டது. "பாவம், மாத்திரை சாப்டுது" என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அதை முழுங்கியது தங்கை. முதல் இரண்டு மூன்று நாள் புழு சாகும்போது காய்ச்சலும் தலைசுற்றலும் வரும். தங்கை போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலோரம் வந்து, "இன்னா, உடம்பு ரொம்ப முடியலையா?" என்று கேட்டதும், தறியில் தெம்பாக உட்கார்ந்திருந்த அக்கா, "ஐயோ அம்மா, தாங்கலையே" என்று முனக ஆரம்பித்தாள். தங்கைக்குக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாயைப் போர்வையால் அடைத்துக்கொள்ள, நானும் சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுக்குள் ஓடினேன்.

அப்படி ஒரு காலையில்தான் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டாள். ஊரின் மறுகோடியில் வீடு. பருத்த உடம்பு, வெற்றிலை வாய். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவள் நடுவீட்டில் உட்கார்ந்தாள். செய்தி அவள் காதுக்கு எட்டிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் மாத்திரை டப்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"எந்தக் கால்மா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"எடது கால்."

"எனக்கு வலது" என்றாள் அந்த அம்மாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "கல்யாணம் ஆவறதுக்கு முந்தியே வந்துடுச்சு. எங்க மாமியாரு பேசாத பேச்சு இல்ல. அப்புறம் பாத்தா அந்த அம்மாக்கே இருந்துச்சு. இந்த ஊர்ல இதுக்கா சம்பந்தத்தை நிறுத்துவாங்க? அதைச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். நீ குழிக்குள்ளயே குந்திக்கினு அழுவாத."

அக்காவுக்கு அழுகை பொங்கிவிட்டது. இத்தனை வருஷம் மறைத்துவைத்தது இதற்காகவா என்பதுபோலச் சத்தம் போட்டு அழுதாள். நான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். அப்போது தங்கை போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

"அத்தே, மாத்திரை அவளுக்கு இல்ல. எனக்குத்தான். எனக்கு வந்ததை அவ தனக்குன்னு சொல்லிக்கினு இருக்கறா."

அக்கா, "சும்மா இருடி" என்று கத்தினாள். அப்பா உள்ளேயிருந்து, "இன்னா சொல்லுது அது?" என்றார். அந்த அம்மாள் தங்கையைப் பார்த்தாள். அவளுடைய கால்களைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா இது? இவளுக்குக் கால் நல்லாத்தானே இருக்குது?"

எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் உளறினேன். ரத்தத்தில் புழு இருக்கிறது, கால் வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டோம், மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், இப்போதே பாதிக்குமேல் போயிருக்கும் என்றெல்லாம் சொன்னேன். அவள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கால் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சிடும்."

"எனக்கு அந்தக் காலத்துல யாரும் சொல்லலியே" என்றாள். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எம் பையனுக்கும் பாத்துடுங்க. எங்க தெருவுக்கு ஏன் நீங்க வர்றதில்ல?" என்றாள்.

அந்த வாரமே ரத்தக் குழு அவள் தெருவுக்குப் போனது. அதுவரை அந்தத் தெருவில் கதவைத் திறக்க மறுத்தவர்கள்கூட, வாசலில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்ததால் விரலை நீட்டினார்கள். மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவனுடைய தம்பிக்கு இருந்தது. மாத்திரை கொடுத்தோம்.

கல்யாணம் பங்குனியில் நடந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் அக்கா பெரிய கரை போட்ட புடவையில் நின்றுகொண்டிருந்தாள். நைனா சாப்பாட்டுப் பந்தியில் கொசு பிடித்த கதைகளை அவிழ்த்துவிட்டு ஒரு வரிசையையே சாப்பிடவிடாமல் சிரிக்க வைத்தார். தங்கை போன பிறகு கரைப்பக்க நாடாவைத் தள்ள யார் வருவார்கள் என்று அக்கா கவலைப்பட்டிருந்தாள். இடிந்த சுவர் வழியாக சித்தப்பாவின் மருமகள் வந்து உட்கார்ந்தாள்.

அக்காவின் கால் சரியாகவில்லை. அதற்கு அப்போது எங்களிடம் வைத்தியம் இல்லை. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்து, படுக்கும்போது உயர்த்தி வைக்கச் சொன்னார் டாக்டர். அதைச் செய்ததில் மாதா மாதம் வந்த காய்ச்சல் குறைந்தது. தறிக்குழியில் நான் இறங்கினால் கொசு தேட வேண்டியிருந்தது. முன்போல முகத்தில் மோதவில்லை. ஆனால் தெருச் சாக்கடை அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க எத்தனை கிணறு, எத்தனை சாக்கடை. ஒரு வீட்டுக் கிணற்றை மூட எங்களுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்கேயாவது போக வேண்டும் என்று அக்கா சொன்னாள். பஸ்ஸில் ஏறிப் பல வருஷம் ஆயிற்றாம். எங்கே என்று கேட்டேன். "ஆறு பாக்கணும்" என்றாள். திருமுக்கூடலுக்குப் போனோம். மூன்று ஆறு சேருமிடம். அந்த வருஷம் நல்ல மழை. பாலாற்றிலேயே தண்ணீர் ஓடியது. கோவிலுக்குள் போய் வந்தோம். கல்லில் பொறித்திருந்த எழுத்துகளை அவள் விரலால் தடவி, "கரையில போடற மாதிரி எவ்ளோ நெருக்கமா போட்டிருக்கறான் பாரு" என்றாள்.

மணலில் நடக்க அவளுக்குச் சிரமமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். பாலாற்று மணலில் அவள் கால் பதிந்த இடம் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "யானை போன மாதிரி இருக்குது" என்று அவளே சிரித்தாள். தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீரில் விட்டாள். சின்ன மீன்கள் வந்து மொய்த்தன. அவளுக்குக் கூச்சம். காலை இழுத்துக்கொள்வாள், மறுபடியும் விடுவாள்.

கட்டிக்கொண்டு போன புளிச் சாதத்தைச் சாப்பிட்டோம். பேசிக்கொண்டே இருந்ததில் வெயில் சாய்ந்தது தெரியவில்லை. கிளம்பலாமா என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்மா" என்றாள். "தண்ணி ஓடறது நல்லா இருக்குது."

பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு நெல் ஏற்றிப்போன ஒரு மாட்டு வண்டிக்காரர் எங்களை மூட்டைகளின் மேல் ஏற்றிக்கொண்டார். அவள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம், தங்கை வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன நிறத்தில் பாவாடை நெய்வது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.